பயண லென்ஸ் பற்றி மாப்பிள்ளைக்கு

கோபிசெட்டிபாளையம்,
மார்கழி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தோட்டத்தில் தேங்காய் வெட்டு நல்லபடியாக முடிந்ததையும், தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்து மறுபடியும் படியேற முடிகிறது என்பதையும் படித்தபோது மனது நிறைந்தது. இங்கே தடப்பள்ளி வாய்க்கால் பக்கமெல்லாம் நெல் கதிர் சாய்ந்து நிற்கிறது. அதிகாலைப் பனியில் வரப்போரமாகக் கேமராவுடன் நடப்பதே இந்த மாதத்தில் எனக்குக் கிடைத்திருக்கும் பெரிய சுகம்.

தை நோம்பி முடிந்ததும் நீங்கள் இருவரும் ஹம்பிக்கும் பாதாமிக்கும் புறப்படுவதாக எழுதியிருக்கிறாய். உன் நிக்கான் டி5600 கேமராவுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸ் தொலைவில் இருப்பதை எட்டாமல் போவதால், போகிற இடமெல்லாம் ஒன்றையே மாட்டிக்கொண்டு திரிய ஒரு ஜூம் வாங்க வேண்டும், நிக்கான் 18-140, நிக்கான் 18-300, டாம்ரான் 18-400 ஆகிய மூன்றில் எது என்று கேட்டிருக்கிறாய். நீ கேட்டதை இரண்டு நாள் யோசித்து, என் பழைய படங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். உனக்கு 18-140 தான் சரி என்பது என் முடிவு. அதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்கக் கொஞ்சம் இடம் வேண்டும்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்த் திருவிழாவுக்கு நான் போய்வந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேன், ஆனால் அன்று எடுத்த படங்களை உனக்குக் காட்டியதே இல்லை. புதுப்பாளையத்தில் கூடும் அந்தக் குதிரைச் சந்தைக்குக் கத்தியவார், மார்வார் இனக் குதிரைகள் வருவதும், அவற்றின் காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுவதும் நீ அறிந்ததே. அவற்றைப் படமெடுக்கவென்றே 18இல் தொடங்கி 300இல் முடிகிற ஒரு லென்ஸை அப்போது வாங்கியிருந்தேன். எவ்வளவு தூரத்தில் நின்றாலும் பிடித்துவிடலாம் என்பது என் எண்ணம். சந்தைக்குள் நுழைந்த பிறகுதான், அங்கே தூரம் என்பதே கிடையாது என்று தெரிந்தது. முன்னும் பின்னும் ஆள் நெருக்கம், கைக்கெட்டும் தொலைவில் குதிரை, பின்வாங்க ஓரடி இடமில்லை. வெளிச்சம் இருந்தவரை எல்லாப் படங்களையும் 18இலிருந்து 50க்குள்தான் எடுத்தேன். பொழுது சாய்ந்ததும், தள்ளி நின்று ஒரு வெள்ளைக் குதிரையின் முகத்தை மட்டும் நெருக்கமாக எடுக்க 300க்குத் திருப்பினேன். லென்ஸின் திறப்பு எஃப் 6.3க்குச் சுருங்கியது (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்), வியூஃபைண்டர் மங்கியது, ஃபோகஸ் முன்னும் பின்னுமாக அலைந்துகொண்டே இருந்தது. அது நிலைகொள்வதற்குள் குதிரை தலையைத் திருப்பிவிட்டது. அன்று மாலை எடுத்தவற்றில் என் மனதுக்குப் பிடித்த ஒரு படம்கூடக் கூர்மையாக இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உனக்கு அது நேரக்கூடாது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஜூம் லென்ஸின் பெரிய எண் நம்மை எளிதில் மயக்கிவிடுகிறது. உன் கேமராவின் சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள முழுச் சட்ட சென்சாரைவிடச் சிறியது என்பதால் எல்லா எண்களையும் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் 18-140 உனக்கு 27-210 ஆகவும், 18-300 உனக்கு 27-450 ஆகவும் வேலை செய்யும். காகிதத்தில் 18-300 பெரிய லாபமாகத் தெரிகிறது. ஆனால் ஒரே குழாய்க்குள் கண்ணாடிகளை முன்னும் பின்னும் நகர்த்தி, ஏறத்தாழ 8 மடங்கு வீச்சைக் கொண்டுவருவதற்கும் 17 மடங்கு வீச்சைக் கொண்டுவருவதற்கும் நடுவே, லென்ஸை வடிவமைப்பவர் விட்டுக்கொடுக்க வேண்டியவை மிகுதி. 18 என்ற அகன்ற முனையில் நேர்க்கோடுகள் வயிறு தள்ளும், நீண்ட முனையில் மென்மை கூடும், ஓரங்களில் கூர்மை குறையும். இவற்றில் முதலாவதைக் கணினியில் திருத்திவிடலாம். கூர்மை மட்டும் போனால் போனதுதான்.

எடையைப் பொறுத்தவரை நான் நியாயமாகப் பேச வேண்டும். 2013இல் வந்த 18-140 எடை 490 கிராம், 2014இல் வந்த எஃப் 6.3 வகை 18-300 எடை 550 கிராம். இந்த 60 கிராம் வித்தியாசத்தைக் காரணமாகக் காட்டி 18-300ஐ ஒதுக்க மாட்டேன். ஆனால் 18-400 அப்படியன்று. அது 700 கிராமுக்கும் மேல். பேட்டரியும் மெமரி கார்டும் சேர்ந்த உன் கேமராவே 465 கிராம்தான் என்பதால், லென்ஸ் உடலை முந்திக்கொண்டு முன்பாரமாகத் தொங்கும். சென்னிமலையின் 1,320 படிகளையும் கழுத்தில் கேமராவுடன் ஏறிய எனக்கு, ஒவ்வொரு நூறு கிராமும் ஆயிரமாவது படியில் என்ன செய்யும் என்று தெரியும். ஹம்பியில் மாதங்க மலைக்கு நீ விடியற்காலையில் ஏறுவாய் அல்லவா, அப்போது நான் சொல்வது உனக்கும் புரியும்.

இனி நீ போகும் இடங்களையே எடுத்துக்கொள்வோம். பாதாமியில் 578ஆம் ஆண்டுக் கல்வெட்டுள்ள மூன்றாம் குகையின் முன்தாழ்வாரத்தில், பாம்பணையில் அமர்ந்த திருமால் ஒரு கோடியில் இருக்கிறார். தாழ்வாரம் அகலம் குறைந்தது, பாறை நிழலால் பகலிலும் உள்ளே வெளிச்சம் மட்டு. அங்கே உனக்கு வேண்டியது 18 மி.மீ. முனையின் 76 பாகை அகலமும், அதன் எஃப் 3.5 திறப்பும், கை நடுக்கத்தைத் தாங்கும் வி.ஆர். வசதியும்தான். ஹம்பி ஹசார ராமர் கோயிலின் சுவர்ப் புடைப்புச் சிற்பங்களுக்கு 50இலிருந்து 100 வரை போதும். விட்டலர் கோயில் கல்தேரைச் சுற்றி நடந்து எடுக்க இடமுண்டு. மாதங்க மலை உச்சியிலிருந்து கீழே அச்சுதராயர் கோயிலை மட்டும் தனியே பிரித்தெடுக்க 140 வரை திருப்பலாம். இவற்றில் எங்கே 300 கேட்கிறது? எனக்கு ஓரிடமும் தோன்றவில்லை.

அப்படியே ஓரிரு இடங்களில் எட்டாமல் போனாலும், உன் கேமராவின் படம் 6000க்கு 4000 புள்ளிகள் கொண்டது என்பதை மறந்துவிடாதே. 140இல் எடுத்ததை 200இல் எடுத்த சட்டகத்துக்கு வெட்டினால் 4200க்கு 2800 புள்ளிகள் மிஞ்சும். அதை 14 அங்குல அகலத்துக்கு நன்றாக அச்சிடலாம். 300 அளவுக்கே வெட்டினாலும் 2800க்கு 1867 கிடைக்கும், 9 அங்குலப் படத்துக்கு அது போதும். கூர்மையான படத்தை வெட்டுவது, மங்கலான படத்தை வெட்டாமல் வைத்திருப்பதைவிட மேல் என்று நான் அந்தியூரிலிருந்து திரும்பிய இரவே கற்றுக்கொண்டேன்.

வி.ஆர். பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நீ அதை எல்லாவற்றுக்கும் மருந்தாக நம்புவதாக உன் கடிதத்திலிருந்து தெரிகிறது. அது நம் கை ஆடுவதைத்தான் சமன்செய்யும். 50 மி.மீ.இல் சாதாரணமாக 75இல் ஒரு பங்கு வினாடி ஷட்டர் வேகம் வேண்டும் என்ற இடத்தில், 15இல் ஒரு பங்கு வினாடியிலும் பாதாமிச் சிற்பத்தைத் தெளிவாக எடுத்துவிடலாம், கல் அசையாது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் தலையைச் சிலுப்பும் காங்கேயம் காளைக்கு அந்த வேகம் உதவாது. 500இல் ஒரு பங்காவது வேண்டும். அதற்கு அகன்ற திறப்பு வேண்டும் அல்லது ஐ.எஸ்.ஓ.வை, அதாவது சென்சாரின் ஒளி உணர்வைக் கூட்ட வேண்டும். தங்கச்சி கல்தேர் முன்னால் சிரிக்கும்போதும் இதே கணக்குதான், மனிதர்களை 125இல் ஒரு பங்கு வினாடியைவிட மெதுவான வேகத்தில் எடுக்காதே.

இந்த இடத்தில் நீ கேட்காத ஒரு லென்ஸையும் சொல்லியாக வேண்டும். நிக்கானின் 16-80, எஃப் 2.8-4 வகை, 480 கிராம், 2015இல் வந்தது. அதன் 16 முனை 83 பாகை காட்டும். பேரூர் போன்ற கோயில்களில் தூண்களின் நடுவே நின்று மண்டபத்தைப் பார்க்கும்போது அந்த ஏழு பாகை எவ்வளவு பெரிது என்பதை நீ உணர்வாய். 80இல் கூட எஃப் 4 என்பதால், 18-140 நீண்ட முனையில் தரும் எஃப் 5.6ஐவிட இரண்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் நான் இதையே முதலில் சொல்லியிருப்பேன். ஆனால் விலை மிகவும் கூடுதல், பழைய சந்தையிலும் அரிதாகவே அகப்படுகிறது. 18-140 லென்ஸோ டி7100, டி7200, டி7500 ஆகிய கேமராக்களோடும் சேர்த்து விற்கப்பட்டது என்பதால், அதிகம் பயன்படாத நல்ல லென்ஸ்கள் கோவையிலேயே கிடைக்கும்.

வால்பாறைக்கு நீ மாதம் ஒருமுறை போகிறவன், அதனால் உனக்குள் எழும் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். இருவாச்சிப் பறவை ஒரு மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும்போது 140 என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இருவாச்சிக்காகப் பாதாமிக் குகையின் கூர்மையை விட்டுக்கொடுக்காதே என்பதுதான் என் வேண்டுகோள். நீ மிச்சம்பிடிக்கும் பணத்தில் பிறகொரு நாள் நிக்கானின் ஏ.எஃப்-பி 70-300 வி.ஆர். லென்ஸை வாங்கிக்கொள்ளலாம். 415 கிராம்தான், உன் டி5600 இல் குறையில்லாமல் வேலை செய்யும். அதன் நீண்ட முனையும் எஃப் 6.3 தான் என்றாலும், 18 முதல் எல்லாவற்றையும் ஒன்றிலேயே அடக்கும் கட்டாயம் அதற்கில்லை. நீண்ட முனையில் நன்றாகப் பார்க்கவென்றே செய்யப்பட்டது. அந்த லென்ஸை வால்பாறைக்கு மட்டும் எடுத்துப் போ. அதில் வி.ஆர். பொத்தான் லென்ஸின்மேல் இராது, கேமராவின் மெனுவில் தேட வேண்டும். பெயரில் ‘வி.ஆர்.’ இல்லாத இன்னொரு வகையும் இருக்கிறது, கடையில் கவனமாகப் பார்.

பின்னாளில் உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடியில்லாத புதுக் கேமராக்களுக்கு (மிரர்லெஸ்) மாறினால் இந்த லென்ஸ் வீணாகுமா என்ற உன் கவலைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நிக்கானின் எஃப்.டி.இசட். இணைப்பானைப் போட்டால் 18-140 தானியங்கி ஃபோகஸுடனேயே அவற்றில் ஓடும்.

பழையது வாங்குவதாக இருந்தால் அவசரப்படாதே. முன்னும் பின்னும் மூடியைக் கழற்றி, ஒருபுறம் டார்ச் அடித்து மறுபுறம் சாய்வாகப் பார்த்தால், சிலந்தி வலைபோல் பூஞ்சை இருந்தால் கண்ணில் படும். மலையில் வைத்திருந்த லென்ஸ்களில் இது அதிகம். என்னுடைய ஒரு லென்ஸைத் தோல் பையோடு ஒரு மழைக்காலம் முழுவதும் வால்பாறையில் விட்டுவைத்து இப்படித்தான் இழந்தேன், ஆகவே நீ சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைத்துக்கொள். லென்ஸைத் தலைகீழாகப் பிடித்தால் தானாக நீண்டு வழிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு செங்கல் சுவருக்கு நேராக நின்று 18இலும் 70இலும் 140இலும் எஃப் 5.6இல் தலா ஒரு படம் எடுத்து, நான்கு மூலைகளும் ஒரே அளவு கூர்மையாக இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பார். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் உள்ளே கண்ணாடி இடம்பெயர்ந்திருக்கிறது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஃபில்டர் அளவு 67 மி.மீ., உன் பழைய 55 மி.மீ. ஃபில்டர் இதில் சேராது.

இவ்வளவு எழுதிய பிறகும், என் சொல்லை மட்டும் நம்பிப் பணத்தைப் போடாதே. நீ சென்ற இரண்டு ஆண்டுகளில் எடுத்து, அழிக்காமல் வைத்திருக்கும் படங்களைக் கணினியில் திற. ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.இல் எடுக்கப்பட்டது என்பது படத்தோடேயே பதிவாகியிருக்கும். 18இலேயே முட்டி நிற்பவை எத்தனை, 55இல் முட்டி நிற்பவை எத்தனை என்று தனித்தனியாக எண்ணு. 55இல் நிற்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, இன்னும் எவ்வளவு நெருங்க ஆசைப்பட்டாய் என்று குறித்துக்கொள். 18இல் நிற்பவையே பாதிக்கு மேல் என்றால், விலையைப் பொறுத்துக்கொண்டு 16-80ஐத் தேடுவோம். அப்படியில்லை என்றால் 18-140.

எண்ணி முடித்துச் செய்தி சொல். வரும் சனிக்கிழமை நான் கோவைக்கு வருகிறேன். நீ பொள்ளாச்சியிலிருந்து காலை பேருந்தில் வந்துவிட்டால் இருவரும் சேர்ந்து இரண்டு மூன்று கடைகளில் பார்த்துவிடலாம். டார்ச் நான் கொண்டுவருகிறேன். கேமராவையும், முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியையும் நீ மறக்காமல் எடுத்து வா. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்