‘மூ’வா, ‘இல்லை’யா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜென் பௌத்தத்தின் கோவான் நூல்களை (கோவான் என்பது தியானத்தில் ஊன்றிப் பார்ப்பதற்கென்று ஆசான் தரும் புதிர் போன்ற சிறு உரையாடல்) இன்றைய தியானப் பயிற்சியாளர்களுக்காக மொழிபெயர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆங்கிலப் பெயர்ப்புகளில் நிலைத்துவிட்ட ஜப்பானியச் சொற்களைத் தமிழிலும் அப்படியே வைத்துக்கொண்டு, மற்றவற்றை இயன்றவரை எளிமைப்படுத்தலாம் என்கிறார் கட்டுரையாளர். ஞாயிறு காலைகளில் ஏழெட்டுப் பேர் கூடி அமரும் ஒரு சிறு குழுவில் பல ஆண்டுகளாக இந்த நூல்களைத் தமிழில் வாசித்து வருபவன் என்ற முறையில், இவ்விரண்டு யோசனைகளையும் என்னால் ஏற்க முடியவில்லை.

வூமென் ஹுய்காய் என்ற சீனத் துறவி 1228ஆம் ஆண்டில் தொகுத்த ‘வாயிலற்ற வாயில்’ நூலில் 48 கோவான்கள் உள்ளன. முதல் கோவானில், ஒரு பிக்கு ஆசான் ஜாவ்ஜோவிடம் நாய்க்குப் புத்த இயல்பு, அதாவது புத்தராகும் தன்மை, உண்டா என்று கேட்க, அவர் ஒற்றைச் சொல்லில் விடை சொல்கிறார். அந்தச் சொல் சீனத்தில் ‘வு’, ஜப்பானிய உச்சரிப்பில் ‘மூ’. ஆங்கிலத்தில் பலர் ‘மூ’ என்றே விட்டதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. சீனத்தின் ‘யோ’, ‘வு’ இரண்டும் இருத்தலையும் இல்லாமையையும் தனித்து நின்றே சொல்லும் வினைகள். அவற்றுக்கு நேரான ஒற்றைச் சொற்கள் ஆங்கிலத்தில் கிடையாது. நமக்கோ ‘உண்டு’, ‘இல்லை’ என்று அச்சு அசலாக இருக்கின்றன. அதற்கும் மேலாக, மூலத்தில் பிக்குவின் கேள்வியே ‘வு’ என்ற சொல்லில்தான் முடிகிறது. “நாய்க்குப் புத்த இயல்பு உண்டா, இல்லையா?” என்று அவர் கேட்கிறார், “இல்லை” என்கிறார் ஜாவ்ஜோ. கேட்டவர் வாயிலிருந்து கடைசியாக விழுந்த சொல்லையே எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுக்கும் இந்த நறுக்கு தமிழில் எந்த முயற்சியும் இல்லாமல் வந்து அமர்கிறது. அதை விட்டுவிட்டு ஆங்கிலத்தின் இயலாமையை நாமும் கடன் வாங்கி ‘மூ’ என்று எழுதுவானேன்?

எங்கள் குழுவில் இந்தக் கோவானை முதன்முறை வாசித்த அன்று ஓர் அன்பர், “மூ என்றால் மூன்றா, மூப்பா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம், ஆனால் அவர் கேட்டதில் பிழையில்லை. தமிழ்க் காதில் அந்த ஒலி அப்படித்தான் விழும். அது மந்திரம் என்று நாங்கள் சொல்லிச் சமாளித்ததுதான் பெரிய பிழை. அந்தக் காலத்துச் சீனத் துறவிக்கு ‘வு’ மந்திரமாக இருக்கவில்லை. சந்தையிலும் சமையற்கட்டிலும் நாளெல்லாம் புழங்கிய சொல் அது. அதை வெறுமை என்றும் கொள்ளாதே, உண்டு இல்லை என்ற இரட்டையில் வைத்தும் கொள்ளாதே என்று வூமென் தம் உரையில் எச்சரிக்கிறார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டை விழுங்கியவன் அதைத் துப்பவும் முடியாமல் தவிப்பதைப் போல அதோடு கிடக்கச் சொல்கிறார். ‘இல்லை’ என்று பொருள் தெரிந்த ஒருவனுக்குத்தான் அந்த எச்சரிக்கை தேவைப்படும். பொருளே தெரியாமல் ‘மூ’ என்று மூச்சோடு இழுத்துக்கொண்டிருப்பவன் தொண்டையில் எந்தக் குண்டும் சிக்குவதில்லை. தியானத்தில் அமர்ந்து வெளிமூச்சோடு நீட்டிச் சொல்ல ‘இல்லை’ என்பதன் ஒலி போதாது என்று சிலர் கூறக்கூடும். பழந்தமிழின் ‘இல்’ போதும் என்பது என் அனுபவம், அது வீட்டையும் குறிப்பது சிறு இடைஞ்சல்தான் என்றாலும்.

எளிமைப்படுத்துவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதே நூலின் ஏழாவது கோவானில், மடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் உபதேசம் கேட்கிறார். நாங்கள் வைத்திருந்த பெயர்ப்பில் ஜாவ்ஜோ, “காலை உணவை முடித்துவிட்டாயா?” என்று விடுதி மேலாளரைப் போல விசாரிக்கிறார். மூலத்தில் இருப்பது கஞ்சி. அந்த உணவை ஆங்கிலேயர் குறிக்கும் சொல்லே நம் கஞ்சியிலிருந்து போனதுதான். “கஞ்சி குடித்தாயிற்றா?” “ஆயிற்று.” “அப்படியானால் போய்க் கடிஞையைக் கழுவு.” இதில் எளிமைப்படுத்த என்ன இருக்கிறது? பிக்குவின் கலத்துக்கு மணிமேகலையே ‘கடிஞை’ என்ற சொல்லைத் தந்திருக்க, ‘கிண்ணம்’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. கடிஞை இன்று அருஞ்சொல் என்பது உண்மைதான். ஒரு வரி அடிக்குறிப்பு அதற்குப் போதும்.

ஆங்கிலம் வழியாக வருவதன் ஆபத்துக்கு 37ஆவது கோவான் நல்ல சான்று. போதிதர்மர் மேற்கிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, வந்ததன் பொருள் என்ன என்ற கேள்விக்கு, “முற்றத்து சைப்ரஸ் மரம்” என்று ஜாவ்ஜோ விடை தருகிறார். சீனத்தில் சைப்ரஸைக் குறிக்கும் அதே எழுத்து ஜப்பானில் ஓக் வகை மரம் ஒன்றைக் குறிப்பதால், ஜப்பானிய மரபின் வழியே வந்த ஆங்கிலப் பெயர்ப்புகள் சிலவற்றில் அது ஓக் மரமாகிவிட்டது. அங்கிருந்து தமிழுக்கும் ஓக்காகவே வந்து சேர்ந்தது. ஹெபெய் மாநிலத்தில் ஜாவ்ஜோ வாழ்ந்த மடத்துக்கு இன்றும் பெயர் ‘பைலின்’, அதாவது சைப்ரஸ் வனம். அங்கே முதிய சைப்ரஸ் மரங்கள் இப்போதும் நிற்கின்றன. எங்கள் குழுவில் ஒருவர் வேப்பமரம் என்றே போட்டுவிடலாமே என்றார். வாய்மொழியாகச் சொல்லும்போது நானும் அப்படிச் சொல்லிப் பார்த்ததுண்டு. அச்சில் கூடாது என்று நினைக்கிறேன், ஏனெனில் ஆசான் காட்டியது தம் கண்ணெதிரே நின்ற மரத்தை. எது நின்றதோ அதையே வாசகரிடம் சொல்வதுதான் முறை.

தமிழ் இதழ்களில் ‘ஜென் கதை’ என்று ஒரு பத்தியைப் போட்டு அடியில் நீதி சொல்லும் வழக்கத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. வூமென் ஒவ்வொரு கோவானுக்கும் ஓர் உரையும் ஒரு பாடலும் எழுதினார். அவை வெட்டப்பட்ட இடத்தில்தான் நீதி வந்து உட்கார்ந்திருக்கிறது. தாங்கள் இந்த வரிசையைத் தொடரப் போவதாக அறிவித்திருப்பதால் ஒரு வேண்டுகோள்: சீனம் அறிந்த ஒருவரைக் கொண்டு மூலத்தோடு ஒப்பிட்டு, ஒரே ஒரு கோவானையாவது உரையும் பாடலும் சேர்த்து முழுமையாக வெளியிடுங்கள். முதல் கோவானிலேயே தொடங்கலாம். அந்த நூலில் அதற்கு வூமென் எழுதிய பாடல் நான்கே வரிகள், பதினாறு எழுத்துகள். இதே சொல்லை வைத்து அவர் தனியே எழுதிய இன்னொரு பாடலில் இருபது எழுத்துகள், இருபதும் ‘வு’.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி.