கோப்பை வாங்கிய கல்லூரிக்கும் பூட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு லாக்ரோஸும் (நுனியில் வலை கட்டிய குச்சியால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம்) திரும்ப வருவது பற்றி நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட்டுக்கு முக்கால் பக்கம், லாக்ரோஸுக்கு ஒரு பத்தி. சரி, நம் ஆட்களுக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அதில் குறையில்லை. ஆனால் அந்த ஒரு பத்தியிலும் "பணக்காரப் பல்கலைக்கழகங்களின் ஆட்டம்" என்று எழுதி முடித்துவிட்டீர்களே, அதுதான் பொறுக்கவில்லை.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில், பெரிய பல்கலைக்கழகங்கள் மோதும் முதல் டிவிஷனுக்குக் கீழே இரண்டாம், மூன்றாம் டிவிஷன்கள் இருக்கின்றன. மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கொடுக்கவே கூடாது, அதுதான் விதி. 1980-ல் அந்த டிவிஷனுக்கு ஆண்கள் லாக்ரோஸ் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது, நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்ற சின்ன ஊரில் இருக்கும் ஹோபார்ட் கல்லூரி ஜெயித்தது. அப்புறம் 1991 வரை வேறு யாரையும் கோப்பையைத் தொடவிடவில்லை, தொடர்ந்து 12 முறை! மேரிலாந்தின் சாலிஸ்பரி ஓர் அரசுப் பல்கலைக்கழகம், 2023-ல் வாங்கியது அதன் 13-வது கோப்பை. இவர்கள் எல்லாம் பணத்தை வைத்துக்கொண்டா ஜெயித்தார்கள்?

நான் சொல்ல வந்தது கப்ரினியைப் பற்றி. பிலடெல்ஃபியாவுக்கு வெளியே ராட்னரில், கன்னியாஸ்திரிகள் 1957-ல் ஆரம்பித்த சிறிய கத்தோலிக்கக் கல்லூரி. 2019-ல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியை 16-12 என்று வீழ்த்தி மூன்றாம் டிவிஷன் சாம்பியன் ஆனது, அதுவும் ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி விளையாடும் பிலடெல்ஃபியா ஸ்டேடியத்தில், கிட்டத்தட்ட சொந்த வாசலில். அந்த ஆம்ஹர்ஸ்ட்டின் கையிருப்பு பல நூறு கோடி டாலர். கப்ரினிக்கோ ஒவ்வொரு வருஷமும் மாணவர் சேர்க்கையே பெரிய கவலை. நாலு வருஷம் கழித்து 2023-ல் கல்லூரியை மூடுகிறோம் என்று அறிவித்தார்கள், 2024-ல் மூடியே விட்டார்கள், வளாகம் இப்போது பக்கத்தில் இருக்கும் வில்லனோவா பல்கலைக்கழகத்தின் கையில்.

அது தனிக் கதை என்று நினைக்காதீர்கள். தென் கரோலினாவில் காஃப்னி என்ற ஊரில் லைம்ஸ்டோன் என்று ஒரு கல்லூரி இருந்தது, 1845-ல் தொடங்கியது, இரண்டாம் டிவிஷன் ஆண்கள் லாக்ரோஸில் ஐந்து முறை சாம்பியன், 2014, 2015, 2017 என்று நாலே வருஷத்துக்குள் மூன்று. 2025-ல் அதுவும் மூடியாகிவிட்டது.

இதற்குள்ளே ஒரு கணக்கு இருக்கிறது, வெளியே அதிகம் பேசமாட்டார்கள். மாணவர் குறையக் குறைய, சின்னக் கல்லூரிகள் புதுசு புதுசாக விளையாட்டு அணிகளைச் சேர்க்கின்றன, ஏனென்றால் ஒரு லாக்ரோஸ் அணிக்கு நாற்பது ஐம்பது பையன்கள் வேண்டும், மூன்றாம் டிவிஷனில் ஆட்டத்துக்காக ஃபீஸைக் குறைக்க முடியாது என்பதால் அத்தனை பேரும் கட்டணம் கட்டும் மாணவர்கள், விடுதியிலும் ஆள் நிறையும். பயிற்சியாளருடைய வேலையில் பாதி ஆள் பிடிப்பதுதான். கோப்பை வந்தால் பெயர் வரும், பெயர் வந்தால் இன்னும் நாலு பேர் வருவார்கள் என்ற நம்பிக்கை. ஆனால் பல வருஷத்துப் பற்றாக்குறையை ஒரு கோப்பை அடைக்குமா? கல்லூரிப் பெயரைப் பரப்ப அணியை நம்பும் நிர்வாகங்கள் (நம் ஊரிலும் உண்டு, தெரியாததா) இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

2024, 2025 இரண்டு வருஷமும் மூன்றாம் டிவிஷன் கோப்பை டஃப்ட்ஸுக்குப் போனது. அது வசதியான பல்கலைக்கழகம்தான், அந்த மட்டில் உங்கள் கட்டுரை சொன்னது சரி. நல்ல அணி, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோப்பைக்கு மோத கப்ரினி மாதிரி இடங்கள் இனி எத்தனை மிஞ்சும் என்பதுதான் என் கேள்வி. 2028-க்கு இன்னும் நேரம் இருக்கிறது, அடுத்த முறை லாக்ரோஸ் பற்றி எழுதும்போது இந்தக் கல்லூரிகளுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
பென்சில்வேனியாவிலிருந்து ஒரு வாசகர்