குஞ்சுத் தீவனத்தில் ஈஸ்ட்: வான்கோழி வளர்ப்போருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் முதல் நம் கடை வான்கோழிக் குஞ்சுத் தீவனத்தில் ஈஸ்ட் சேர்க்கிறோம். மூட்டை விலை கொஞ்சம் ஏறியிருப்பதைப் பார்த்து, "பேக்கரி ஈஸ்டை வாங்கிப் போட்டால் ஆகாதா?" என்று பலர் கேட்டீர்கள். கல்லாவில் நின்றபடி அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது.

ஈஸ்ட் என்ற பெயரில் மூன்று சரக்கு வருகிறது. ஒன்று, பீர் ஆலையில் மிஞ்சியதைக் காயவைத்தது. உயிர் கிடையாது, ஆனால் புரதமும் பி வைட்டமின்களும் நிறைய. கறிக்கோழிக் குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் நியாசின் என்ற பி வைட்டமின் 35 மில்லிகிராம் போதும், வான்கோழிக் குஞ்சுக்கு 60 வேண்டும். குறைந்தால் கால் மூட்டு வீங்கிவிடும். இரண்டாவது, உயிருள்ள ஈஸ்ட். பேக்கரியில் கிடைப்பதும் இந்த வகைதான். மாவுத் தீவனம் அரைப்பவர்கள் இதைச் சேர்க்கலாம். நம் தீவனமோ நீராவியில் வெந்து குருணையாவது. அந்தச் சூட்டில் இது செத்துவிடும்.

நாங்கள் சேர்ப்பது மூன்றாவது: ஈஸ்ட் செல்லின் மேல்தோலை மட்டும் பிரித்தெடுத்த பொடி. கழிச்சல் உண்டாக்கும் ஈ.கோலை, சால்மோனெல்லா கிருமிகளில் பல, குடல் சுவரிலுள்ள மானோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துத்தான் ஒட்டுகின்றன. ஈஸ்ட் தோலிலும் அதே சர்க்கரை. கிருமி இதைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியேறிவிடும். சாவதில்லை, ஒட்ட இடம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். கோழிகளுக்குக் கொடுத்துவந்த கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை 2019-இல் அரசு தடை செய்தபின், மருந்தில்லாமல் குடலைக் காக்கும் வழி நமக்கெல்லாம் வேண்டியிருக்கிறது.

அளவு டன்னுக்கு ஒரு கிலோ. சொந்தமாகக் கலப்பவர்களுக்கு 50 கிலோவுக்கு 50 கிராம். அதை அப்படியே குவியலில் கொட்டிக் கிளறினால் ஒரு மூலையிலேயே தங்கிவிடும். முதலில் ஒரு கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, அதை ஐந்து கிலோவில் கலந்து, அப்புறம் மொத்தத்தில் சேருங்கள்.

போன மழைக்காலத்தில் ஒருவர் கடலைப் புண்ணாக்கு கொண்டுவந்து, "ஈஸ்ட் போட்டால் சரியாகிவிடுமா அண்ணே?" என்றார். உடைத்துப் பார்த்தேன். உள்ளே பச்சைப் பூஞ்சை, மக்கிய வாடை. ஆகவே ஆகாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தது பிரேசிலிலிருந்து வந்த இப்படியொரு புண்ணாக்கால்தான். அஃப்ளடாக்சின் என்ற விஷத்தையே அதன் பிறகுதான் உலகம் கண்டுகொண்டது. ஈஸ்ட் தோல் இந்த விஷத்தை நம்பும்படி பிடிக்காது. அந்த மூட்டையை எரித்துவிடச் சொன்னேன். மனசு கேட்காமல்தான் போனார், ஆனாலும் எரித்தார்.

நந்தனம் ரக வான்கோழிக் குஞ்சு புதிதாக வாங்கியிருப்பவர்கள், ஈஸ்டைவிட முதல் வாரத்தைக் கவனியுங்கள். குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் புரூடரில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு, தீவனத்தில் 28 சதவீதம் புரதம். இந்தக் குஞ்சு தானாகத் தீவனம் தேடாது; பக்கத்தில் உட்கார்ந்து, அவித்த முட்டையை உதிர்த்துப் போட்டுப் பழக்க வேண்டும். நாட்டுக்கோழியோடு சேர்த்தும் விடாதீர்கள்.

கழிச்சல் கண்டால் ஈஸ்டைக் கூட்டிப் போடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய மூட்டை மீதமிருந்தால் அதையே தீர்த்துவிட்டுப் புதியதை வாங்கினால் போதும்.

அன்புடன்,
உங்கள் தீவனக் கடை