டீசலுக்குள் பிஎச் மீட்டரை விடாதீர்கள்

ஆசிரியருக்கு,

ஜெனரேட்டருக்காகத் தேக்கி வைத்த டீசலில் அமிலம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, பிஎச் மீட்டரை நேரே எண்ணெயில் தோய்க்க வேண்டாம். பிஎச் என்பது தண்ணீர்க் கரைசலின் அமில, காரத் தன்மைக்கான அளவு. டீசல் மின்சாரத்தைக் கடத்துவதில்லை என்றே சொல்லலாம். அதில் மீட்டர் காட்டும் எண் நிலைகொள்ளாமல் அலையும், அதற்குப் பொருளும் கிடையாது.

முறையான வழி, ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் டி 664 விதிமுறை சொல்லும் மின்னழுத்த டைட்ரேஷன்; அதாவது, அமிலத்தைச் சமன்செய்ய எவ்வளவு காரம் செலவாகிறது என்பதை மின்னழுத்த மாற்றத்தைக் கொண்டு அளப்பது. டொலுயீன் 500 மி.லி., ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 495 மி.லி., தண்ணீர் 5 மி.லி. சேர்ந்த கரைப்பானில் 125 மி.லி. எடுத்து, அதில் 20 கிராம் டீசலைக் கரைக்க வேண்டும். 0.1 மோலார் செறிவுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைச் சிறுகச் சிறுக விட்டு, கரைசலில் வைத்த எலெக்ட்ரோடு காட்டும் மில்லிவோல்ட் சட்டென்று தாவும் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

அமில எண், அதாவது ஒரு கிராம் டீசலிலுள்ள அமிலத்தைச் சமன்செய்யத் தேவையான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 0.20 மி.கி. என்றால், 20 கிராமுக்குச் செலவாகும் காரம் வெறும் 0.71 மி.லி.! கரைப்பானை மட்டும் தனியே டைட்ரேஷன் செய்து கழிக்கும் 'பிளாங்க்' அளவு 0.05 மி.லி. என்று வையுங்கள். அதை விட்டுவிட்டால் முடிவு 7 சதவீதம் கூடிவிடும். சுமாரான டீசல் கெட்டதாகத் தெரிவது இப்படித்தான்.

அடுத்த வில்லங்கம், மின்னழுத்தத்தை உணரும் கண்ணாடிக் குமிழ் கொண்ட அந்த எலெக்ட்ரோடு. ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் கரைப்பானில் அலசி, சில நிமிடம் தண்ணீரில் ஊறவிட வேண்டும். உலர்ந்த கண்ணாடிக் குமிழ் மந்தமாகிவிடும். எலெக்ட்ரோடின் உள்ளே நிரப்பும் கரைசலாக வழக்கமான பொட்டாசியம் குளோரைடு இருந்தால் ஆல்கஹாலில் உப்புப் படிந்து துளை அடைபடும். எத்தனாலில் கரைத்த லித்தியம் குளோரைடே பொருத்தம். பிஎச் 4, பிஎச் 7 பஃபர்களுக்கு (பிஎச் மாறாத சோதனைக் கரைசல்களுக்கு) இடையே 162 மில்லிவோல்ட்டாவது வித்தியாசம் காட்டாத எலெக்ட்ரோடை ஒதுக்கிவிடுங்கள். காரக் கரைசலும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து வீரியம் குறையும். காரத்தை அளந்து விடும் பியூரெட் குழாய்க்கு மேல், அந்த வாயுவை உறிஞ்சும் சோடா லைம் நிரப்பிய குழாய் அவசியம்.

தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரில்தான் நுண்ணுயிர்கள் பெருகி அமிலம் சுரக்கின்றன. மேலாக மட்டும் மொண்ட மாதிரியில் அது தெரியாது. அடிமட்டத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுத்து, பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் நிரப்பி அனுப்ப வேண்டும். சோதனைக்கு அனுப்புவோர், அறிக்கையில் பிளாங்க் அளவையும் எடுத்த எடையையும் குறிப்பிடும்படி கேட்டு வாங்க வேண்டுகிறோம்.

எரிபொருள் ஆய்வகப் பணியாளர்கள்,
சென்னை.