பெருந்துறை மருத்துவமனைக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி மடல்

பெருந்துறை அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவர்கள், செவிலியர்கள், பணியாளர்கள் அனைவருக்கும், எங்கள் ஊராருக்கும் உறவினருக்கும் வணக்கம்.

அப்பா வீடு திரும்பிவிட்டார். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த இரவை மறுபடியும் விவரிக்கும் மனத்திடம் எனக்கு இன்னும் வரவில்லை. கண்ணாடி விரியன் தீண்டியவரை உயிரோடு மீட்டுத் தந்தவர்களுக்கு வாயால் சொன்ன நன்றி போதவில்லை என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு பயிற்சி மருத்துவருக்கு. விரியனின் நஞ்சு ரத்தத்தின் உறையும் தன்மையைக் குலைத்துவிடும் என்பதால், சிறிது ரத்தத்தை எடுத்து ஈரமில்லாத சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். ரத்தம் ஓடினால் நஞ்சு இன்னும் அடங்கவில்லை என்று பொருள். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை நடந்தது. வார்டு வாசலில் உட்கார்ந்து, போவோர் வருவோர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அம்மாவை அந்தப் பெண் உள்ளே அழைத்து, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, "இந்தக் குழாயை யாரும் தொடாமப் பார்த்துக்குங்க அம்மா" என்று ஒரு வேலையைக் கொடுத்தார். "பிரை குத்துன பாலை அசைக்காம வெக்கற மாதிரிங்களா அம்மிணி?" என்று அம்மா கேட்க, "அதேதாங்க அம்மா" என்றார். அழுதுகொண்டே இருந்த அம்மா அழுகையை நிறுத்தியது அப்போதுதான். முதலில் பார்த்தபோதெல்லாம் ரத்தம் ஓடியது. அவர் அதை மறைக்காமல் காட்டி, மேலும் மருந்து ஏற்றுவதைச் சொல்லிவிட்டுப் போனார். பிறகொரு விடியற்காலையில் அவர் குழாயைச் சாய்த்தபோது, அடியில் கருஞ்சிவப்பாகக் கெட்டிப்பட்டிருந்த ரத்தம் ஒரு சொட்டும் நகரவில்லை. அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கோணும் அம்மிணி" என்றார். அந்த நெரிசலில் ஒரு ஸ்டூலும் சில வார்த்தைகளும் கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

படிக்கிற பிள்ளைகள் கையில் உயிரை ஒப்படைப்பதா என்று எங்கள் பக்கத்தில் தயங்குவோர் உண்டு. பேராசிரியர் காலையில் சுற்றி வரும்போது, சிறுநீரின் அளவை ஏன் விடாமல் குறிக்கிறோம், சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் முதலில் எது தெரியும் என்று அப்பாவின் கட்டிலருகே மாணவர்களைக் கேட்பார். அவர்கள் கற்றுக்கொள்வதற்காக எழுந்த ஒவ்வொரு கேள்வியும் அப்பாவை இன்னொரு முறை பரிசோதித்ததற்குச் சமம் என்பதை அங்கிருந்து நேரில் கண்டவன் நான். காசநோய் மருத்துவமனை இருந்த இடம் என்பதால் முதியவர்கள் இன்றும் சானடோரியம் என்றே சொல்லும் அந்த வளாகத்துக்கு, அந்தியூரிலிருந்தும் பர்கூர் மலையிலிருந்தும் சென்னிமலையிலிருந்தும் கடைசி நம்பிக்கையோடு வருகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

108 வண்டியில் வந்தவர்கள், இரவுப்பணிச் செவிலியர்கள், தரையைத் துடைத்துத் துடைத்து எங்களுக்குப் படுக்க இடம் தந்த தூய்மைப் பணியாளர்கள், எங்கள் மாடுகளைக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிய பக்கத்துத் தோட்டத்தார், எங்கள் முறைத் தண்ணீரை வீணாக்காமல் மஞ்சளுக்குப் பாய்ச்சிய பங்காளிகள் அனைவருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அப்பாவின் நரம்பில் ஏறிய மருந்து, பாம்பின் நஞ்சைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. அந்த நஞ்சை உயிரைப் பணயம் வைத்துச் சேகரிக்கும் இருளர் மக்கள் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து அதைச் செய்து வருகிறார்கள். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. எங்களை அறியாத அவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

இனி எங்கள் தோட்டத்தில் இரவில் தண்ணீர் கட்டப் போகும் எவரும் கைவிளக்கும் முழங்கால் வரை வரும் பூட்ஸும் இல்லாமல் வரப்பில் இறங்க மாட்டார்கள். யாரையாவது பாம்பு கடித்தால், கயிற்றால் இறுக்குவதோ கீறுவதோ மந்திரிப்பதோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோக எங்கள் வண்டி எந்நேரமும் வரும். ஊரில் வயல்வேலை செய்பவர்கள் கால் அளவை மட்டும் அம்மாவிடம் சொன்னால் போதும், பூட்ஸ் வாங்கித் தருவது எங்கள் குடும்பத்தின் பொறுப்பு.