கடைசிச் சரணத்தையும் பாடவிடுங்கள்

கொல்கத்தாவின் பூஜைக் கமிட்டிப் பெரியவர்களுக்கு,

வணக்கம். துர்கா பூஜை முடிந்ததும் நடக்கும் விஜயா சம்மிலனி மேடைகளில் ‘ஹாய் பாலோபாஷி’ (‘ஐயோ, நேசிக்கிறேன்’) பாட்டு ஒலிக்காத வருஷமே இல்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான். மொஹீனேர் கோராகுலி என்ற வங்காள ராக் குழு 1977இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டுப் பாட்டை, அப்போது பிறந்தே இராத பிள்ளைகள் மனப்பாடமாகப் பாடுகிறார்கள். என் குறை ஒன்றே ஒன்று. முடிக்கவிடாமல் நிறுத்திவிடுகிறீர்கள்.

இந்த முறை எங்கள் பேட்டையிலும் அதுதான் நடந்தது. நிலா வெளிச்சத்தில் நாணல் காட்டில் ஓடுவது, படகில் போவது, பிக்காசோ, பூனுவெல், தாந்தே, பீட்டில்ஸ், டிலன், ரவிசங்கர், அலி அக்பர் என்று பிடித்ததையெல்லாம் பாடகர் ஒவ்வொன்றாக அடுக்கினார். கூட்டமும் கூடவே பாடியது. அப்போது மேடை ஓரத்திலிருந்து ஒரு சைகை; பாட்டு அப்படியே ஓர் இந்திக் குத்துப்பாட்டுக்குள் நுழைந்துவிட்டது. கேட்டால் நேரமில்லையாம். குலுக்கல் பரிசுக்கும் விளம்பரதாரர்களுக்குச் சால்வை போர்த்தவும் மட்டும் நேரம் தாராளமாக இருந்தது.

உங்களுக்குத் தெரியாததில்லை. இத்தனை பிடித்திருந்தும் ஏன் எதுவுமே பிடிக்கவில்லை என்று அந்தப் பாட்டு திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறது. விடை கடைசியில்தான் வருகிறது. கிராமத்திலும் துறைமுகத்திலும் பாடுபடுகிறவர்களை, வயலில் வியர்வை சிந்தி விளைவிக்கிறவர்களைப் பார்க்கும்போது எதுவும் பிடிக்காமல் போகிறது. நல்ல நாளே, கிட்டே வா, எல்லாவற்றையும் சேர்த்தே நேசிக்கலாம் என்கிறது பாட்டு. அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது வசதியான வீட்டுப் பையனின் விருப்பப் பட்டியல்தான். குழுவை நடத்திய கௌதம் சட்டோபாத்யாய் நக்சல்பாரி இயக்கத்தில் இருந்து சிறைக்குப் போனவர். பட்டியல் போடவா அவர் கிடாரை எடுத்தார்?

தயவுசெய்து கடைசிச் சரணத்தைப் பாடவிடுங்கள்.

வெட்டுவதோடு போகிறதா? பாட்டை எடுத்துக்கொள்ள நமக்கு இருக்கும் அவசரம், பாடியவர்களை நினைப்பதில் இல்லை. அதே குழுவின் தாபஸ் தாஸுக்குப் புற்றுநோய் வந்தபோது, சிகிச்சைச் செலவுக்குப் பணம் திரட்ட மற்ற இசைக்காரர்கள் கச்சேரி நடத்த வேண்டியிருந்தது. மூக்கில் குழாயோடு அவரே மேடை ஏறிப் பாடினார். 2023 ஜூனில் காலமானார். வருஷா வருஷம் அந்தக் குழுவின் பாட்டுக்கு ஆடும் மேடைகளில் எத்தனை பேர் அவர் பெயரைச் சொன்னீர்கள்? மேடை முகப்பில் விளம்பரதாரர் பெயர் மட்டும் ஆளுயரத்துக்கு நிற்கிறது. வங்காளத்தின் பண்பாட்டைப் பற்றித் தலைவர் அரை மணி நேரம் பேசுகிறார்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான்: கடைசிச் சரணம் வேண்டும். பாடகர்களிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் போதும். அப்புறம், நிஜமாகவே நேரம் போதவில்லை என்றால் பிக்காசோ சரணத்தை விட்டுவிடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பணிவுடன்,
தெற்குக் கொல்கத்தாவிலிருந்து ஒரு ரசிகன்