பிட்மேன் ஆர்மை அசைத்துக் கொடுத்த அண்ணனுக்கு

என் பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக்கில் பவர் ஸ்டீயரிங் பாக்ஸ் மாற்ற உதவிய அண்ணனுக்கு நன்றி. பேர் போடக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பிட்மேன் ஆர்ம், அதாவது ஸ்டீயரிங் பாக்ஸின் ஷாஃப்ட்டில் மாட்டி, சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளை அசைக்கும் இரும்புக் கை, துருப்பிடித்து ஷாஃப்ட்டோடு ஒன்றிக் கிடந்தது. அதை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரை மாட்டி விறைப்பாக இறுக்கி, துரு இளக்கும் ஆயிலை அடித்துவிட்டு, "தம்பி, கொஞ்ச நேரம் அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். பிறகு ஆர்மின் பக்கவாட்டில் சுத்தியலால் ஒரே தட்டு. டப்பென்று கழன்றது!

பாக்ஸ் கழன்ற இடத்தை யாராவது பார்ப்பார்களா? இவர் பார்த்தார். போல்ட் துளைகளைச் சுற்றி ஃப்ரேமைத் துடைத்து, டார்ச் அடித்து விரிசல் தேடினார். நல்லவேளை, இல்லை. புது பாக்ஸின் ஷாஃப்ட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுற்றி, எண்ணி, சரிபாதியில் நிறுத்திய பிறகே மாட்ட விட்டார். பழைய ஆயிலில் இரும்புப்பொடி இருக்குமென்று ஹோஸ்களையும் கழுவ வைத்தார்.

முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினைப் போடாமலே ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பித் திருப்பி, ஆயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியே எடுத்தோம். குமிழி நின்றபின்தான் சாவியைத் தொட விட்டார்.

அண்ணா, உங்கள் புல்லர் இங்கேயே இருக்கிறது. துடைத்து வைத்திருக்கிறேன், கொண்டுவந்து தருகிறேன்.